ஸ்ட்ரைக் ஆஃப் என்ற வார்த்தையும் செல்லப்பன் பேரும்

1

வருகிற தை மாதத்தோடு நான் இந்த மலாய் நாட்டில் கப்பல் இறங்கி இருபத்திரண்டு வருஷம் முடிகிறது. மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தோட்டத்துச் சுற்றுவட்டாரத்தில் நாச்சிமுத்து மண்டோர் கடை எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவான். மலாய்க்காரன் காட்டுவான், சீனன் காட்டுவான், வெள்ளைக்காரத் துரையின் டிரைவர் காரை நிறுத்தி இறங்கிவந்து காட்டுவான். ரப்பர்ப் பாலுக்குப் பால்மரத்துப் பட்டை வெட்டுகிற கூலியாக வந்தேன். ஆள்களை வேலை வாங்குகிற மண்டோர் ஆனேன். இன்றைக்குத் தோட்டத்து கேட்டுக்கு எதிரில் சொந்தக் கடை, பட்டாளத்தார் விட்டுப்போன லாரி ஒன்று. எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது. நாமகிரிப்பேட்டைப் பக்கத்து மஞ்சள் காட்டில் நான் களை வெட்டியதைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருப்பார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத வேறு எங்கோ போய்விட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மகன் ராசு டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். ஊடு என்று நான் சொன்னால் சிரிப்பான். வீடு என்று திருத்துவான். நாமகிரிப்பேட்டை என்று ஒரே மூச்சில் சொல்ல அவனுக்கு நாக்கு வராது. அன்றைக்கு நோட்டை விரித்துவைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன சாமி, ரொம்ப ரோசனை?"

"வாத்தியார் பத்து வெர்பு குடுத்திருக்கார். ரெண்டு ரெண்டு வார்த்தை சேர்ந்து வரும். அர்த்தம் எழுதணும், எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதணும், ஒரு வாக்கியம் எழுதணும். உங்களுக்குத் தெரியாது விடுங்க."

"எனக்காடா தெரியாது? துரைமாருகிட்ட இருவது வருசம் இங்கிலீசு கேட்டவன்டா உங்கப்பன். கேளு பாப்போம்."

"சைன் ஆன்."

"பேரு பதியறது. கப்பலேத்தறதுக்கு முன்னால நாகப்பட்டணத்து டிப்போவுல கட்டவெரல்ல மை தடவி உருட்டுனாங்க பாரு, அதான். அடுத்தது?"

"நாக் ஆஃப்."

"வேல முடிஞ்சுதுன்னு நிறுத்தறது. தொங்கவுட்ட தண்டவாளத்தத் தட்டுவாங்க, கத்தியக் கீழ வெப்போம்."

பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "வாத்தியாரை இங்க வந்து படிச்சுக்கச் சொல்லு" என்றேன்.

"ஸ்ட்ரைக் ஆஃப்" என்றான்.

உள்ளே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள் என் மனைவி அங்கம்மாள். அம்மிச் சத்தம் நின்றது.

"என்னப்பா, இது மட்டும் தெரியாதா?" என்றான் ராசு.

தெரியும். இந்தப் பத்து வார்த்தையில் எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான். கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். கடையில் யாரும் இல்லை.

2

பையனுக்கு அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு. கூலிகள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கப்பிள்ளை, செக்ரோல் என்கிற பெரிய பேர் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "இருக்கேனுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து குரல் வரவில்லை என்றால் துரை காரணம் கேட்க மாட்டார். வாயில் சுருட்டோடு, "ஸ்ட்ரைக் ஹிம் ஆஃப்" என்பார். கிராணி ரூல்தடியை வைத்துச் சிவப்பு மையில் அந்தப் பேரின்மேல் ஒரு கோடு இழுப்பார். அன்றோடு அவனுக்கு அரிசி கிடையாது, லயத்தில் அறை கிடையாது, ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது.

நான் வந்த புதிதில் ஓர் ஆள் மலைக்காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டு நாலாம் நாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து வரிசையில் நின்றான். கிராணி அவன் பேரைக் கூப்பிடவில்லை. எல்லாப் பேரும் முடிந்த பிறகு அவனாகவே, "இருக்கேனுங்க சாமி, இருக்கேனுங்க" என்றான். கிராணி நோட்டை மூடிக்கொண்டு போனார். ஆள் எதிரிலேயே நிற்கிறான், மூச்சு விடுகிறான், தோட்டத்துக்கு அவன் இல்லை. அன்றைக்கே முடிவு கட்டினேன், இந்த நோட்டில் கோடு விழாத ஆளாக இருக்க வேண்டும், முடிந்தால் நோட்டைத் தொடுகிற ஆளாக ஆக வேண்டும் என்று. ஆகியும் காட்டினேன்.

மண்டோர் ஆன பிறகு ஒரு நாள் கிராணியிடமே கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர், மேசையில் செங்கல் கனத்துக்கு ஓர் அகராதி வைத்திருப்பார். "ஏனுங்க, ஸ்ட்ரைக்குன்னா அடிக்கறதுதானுங்களே? கோடு இழுக்கறதுக்கு எதுக்கு அடிக்கற வார்த்தை?"

கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. "அடிக்கிறது எண்டு மட்டும் நினையாதையும், நாச்சிமுத்து. ஆதியிலை அது தடவுறது, கையை மேலாலை ஓட்டுறது. அவையின்ரை ஊரிலை தானியம் அளக்கேக்கை, படியின்ரை வாய்க்கு மேலாலை ஒரு கட்டையை இழுத்துவிடுவினம். அந்தக் கட்டைக்கும் ஸ்ட்ரைக் எண்டுதான் பேர். கூம்பி நிக்கிறதெல்லாம் கீழை விழும். ஆஃப் எண்டால் அப்பாலை. பிறகு பேனாவைப் பேருக்கு மேலாலை ஓட்டுறதுக்கும் அதே சொல் வந்திட்டுது. விளங்குதோ?"

விளங்காமல் என்ன? எங்கள் ஊரில் பண்ணையக்காரர் களத்தில் கூலிக்குத் தானியம் அளக்கும்போது வள்ளத்தின் வாயை உள்ளங்கையால் ஒரு தடவு தடவித் தலைதட்டித்தான் போடுவார். தன் வீட்டுக்கு அளந்துகொள்ளும்போது கோபுரமாக நிற்கும். அந்த உள்ளங்கைக்குப் பயந்துதான் கடல் தாண்டினேன். இங்கே வந்து பார்த்தால் வெள்ளைக்காரன் அதையே ரூல்தடியில் செய்துகொண்டிருக்கிறான். கீழே விழுகிற தானியம் இங்கேயும் நாங்கள்தான்.

3

செல்லப்பன் என் மனைவியின் தம்பி. எனக்கு மச்சினன். ஜப்பான்காரன் சண்டைக்கு நாலு வருஷம் முன்னால் நான் ஊருக்குப் போயிருந்தேன். சில்க் சட்டை, கையில் கடிகாரம், காலில் பூட்ஸ். சந்தைக்குப் போனால் ஜனம் வழிவிட்டது. பொய்யில்லை. அப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். பெண் தம்மம்பட்டிக்காரி, பாவாயி என்று பேர், பதினாறு பதினேழு வயது இருக்கும்.

"மச்சாங்க, நானும் உங்ககூட வாரேன். ரெண்டே வருசம். ஒரு சோடி மாடு வாங்கற அளவுக்குச் சம்பாரிச்சுட்டுத் திரும்பிருவேன்" என்றான்.

"மாடு என்ன மாடு? தோட்டமே வாங்கலாம் வா மாப்ளே" என்றேன். பூட்ஸ் போட்டவன் பேசுகிற பேச்சு அப்படித்தான் இருக்கும்.

பாவாயி கதவோரம் நின்றபடி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, அங்க அவரு எப்படி இருக்காருன்னு மாசம் ஒரு காயிதம் போடுவீங்களா? அவருக்கு எழுத வராது."

போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். மாதா மாதம் என் கையாலேயே எழுதி, காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் அனுப்புவேன். நல்ல சேதி வருகிற காகிதத்துக்கு மஞ்சள், சாவுச் சேதிக்கு மஞ்சள் கிடையாது. இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். படிக்கத் தெரியாதவர்களும் மூலையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அந்த மஞ்சளும் எங்கள் ஊர் மஞ்சள். அங்கம்மாள் டிரங்குப் பெட்டியில் துணிக்கு நடுவில் கிழங்கு கிழங்காகக் கொண்டுவந்தது.

செல்லப்பன் நல்ல வேலைக்காரன். என் கும்பலில்தான் போட்டுக்கொண்டேன். பட்டை காயப்படாமல் மரம் வெட்டுவதில் தோட்டத்திலேயே எனக்கு அடுத்தபடி அவன்தான். வாய் மட்டும் ஓயாது. பெரட்டில் அவன் பேரைக் கூப்பிட்டால், "இருக்கேனுங்க, எங்கக்கா சோறு போடற வரைக்கும் இருக்கேனுங்க" என்பான். கிராணிக்கே சிரிப்பு வரும்.

இரண்டு வருஷம் மூன்றாயிற்று, நாலாயிற்று. பிறகு சண்டை வந்துவிட்டது. கப்பல் நின்றது, தபாலும் நின்றது.

4

ஜப்பான்காரன் வந்தான். துரைமார்கள் ராவோடு ராவாக ஓடினார்கள். கிராணியும் நோட்டும் அப்படியே இருந்தார்கள், கேட்கிற ஆள்தான் மாறியது. சயாம் தேசத்தில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு என்றான். முதல் தடவை அடுத்த தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவனும் திரும்பவில்லை. இரண்டாவது தடவை எங்கள் தோட்டத்துக்குச் சொல்லி வந்தது. மறுநாள் காலையில் லாரி வரும், பேர் எழுதிய தாளைத் தயாராக வைக்க வேண்டும்.

அன்று மத்தியானம் கிராணி மண்டோர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் கும்பலின் தாளை என் கையில் கொடுத்தார். எனக்குப் படிக்க வசதியாகப் பேர்களைத் தமிழிலும் எழுதியிருந்தார்.

"ஒரு மண்டோருக்கு ஒரு பேர்தான். கூட எண்டால் பிடிச்சிடுவான். உமக்கு வேண்டிய ஆளின்ரை பேரை ஸ்ட்ரைக் ஆஃப் பண்ணிக்கொண்டு வாரும். செத்துப்போனான் எண்டு நான் சொல்லிப்போடுவன். கோடு வடிவா விழவேணும்."

என் கும்பலில் இருபத்து மூன்று பேர். யார் பேர் என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மற்ற இருபத்திரண்டு பேருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்தப் பெண்டாட்டிகளில் பலர் இன்று விதவைகளாக என் கடையில்தான் உப்பும் மிளகாயும் வாங்குகிறார்கள். நான் நிறுத்துப் போடும்போது அவர்கள் தராசைப் பார்க்கிறார்கள், நான் அவர்களைப் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்து மரவள்ளிக்கிழங்குத் தட்டை ஒதுக்கிவிட்டுத் தாளைத் தரையில் விரித்தேன். பேனாவை எடுத்ததும் அங்கம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க?"

"கோடு இழுக்கறேன். அப்பத்தான் உன்ற தம்பிய உடுவான்."

"உசுரோட இருக்கறவம்பேருக்கு மேல கோடு இழுக்காதீங்க. உங்க காலுல வுழுகறேன்."

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது கடைசியாக வருகிறவர் வழிக்குக் குறுக்கே தரையில் கோடு இழுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவார். செத்தவன் அந்தக் கோட்டைத் தாண்டி வீட்டுக்கு வரக்கூடாது என்று அர்த்தம். எங்கள் தகப்பனுக்கு நான்தான் இழுத்தேன். தம்பி பேர்மேல் கோடு விழுந்தால் அவன் வீட்டுக்கு வராமல் போய்விடுவான் என்று அவள் என் மணிக்கட்டை விடவே இல்லை.

"அது காயிதம் புள்ள. வெறும் மை."

"மையோ மண்ணோ, கோடு கோடுதானுங்களே? மஞ்சளக் கொழச்சு அவன் பேரச் சுத்தி ஒரு வட்டம் போட்டு வெச்சிருங்க. காவலா இருக்கும். கெராணிகிட்ட இந்தப் பேருதானுங்கன்னு வாயில சொல்லிக்கோங்க. அவரு கோடு இழுத்தா அவரு பாடு."

டிரங்குப் பெட்டியில் கடைசியாக இருந்த கிழங்கை உரசிக் கொண்டுவந்தாள். அவள்மேல் பழி போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். எனக்கும் கை வரவில்லை. ஆயிரம் மரத்தில் கத்தி பிடித்த கை, ஒரு கோடு இழுக்க வரவில்லை. செல்லப்பன் பேரைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டேன். விரலால் போட்டாலும் வட்டம் அழகாகவே விழுந்தது.

காலையில் பெரட்டுக்கு முன்னால் கிராணியைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று சீக்கிரமே போனேன். எனக்கு முன்னால் லாரி வந்து நின்றிருந்தது. ஜப்பான் ஆபீசர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். கிராணி கைகட்டித் தள்ளி நின்றார். ஆபீசர் கையை நீட்டினான். தாளைக் கொடுத்தேன்.

பேர்களின் பக்கம் அவன் பார்வை போகவே இல்லை. அவனுக்கு அந்த எழுத்தெல்லாம் ஒன்றுதான். மஞ்சள் வட்டத்தில் விரலை வைத்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். எழுந்து என் தோளில் இரண்டு தடவை தட்டிக்கொடுத்தான். கிராணி முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அதற்குள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். முதல் பேர் செல்லப்பன்.

"இருக்கேனுங்க" என்று முன்னால் வந்தான். அக்கா சோறு என்ற பேச்சை அன்றைக்குச் சொல்லவில்லை. அவனுக்குப் பின்னால் கும்பலில் பாதிப் பேரைக் கையைக் காட்டிக் காட்டி எடுத்தார்கள். 

லாரியில் ஏறி நின்றுகொண்டு செல்லப்பன் என்னைப் பார்த்துக் கத்தினான். "மச்சா! பேரு மொதல்ல கூப்புட்டாங்க பாத்தீங்களா? உங்க மச்சினன்னு தெரிஞ்சு மருவாதிங்கறேன்! அக்காகிட்டச் சொல்லுங்க, மூணு மாசத்துல வாரேன்!"

லாரி போன பிறகு கிராணி என் சட்டையைப் பிடித்தார். "அவையளுக்கு வட்டம் எண்டால் சரி, நல்லது எண்டெல்லோ அர்த்தம்! வேண்டாம் எண்டால்தான் கோடு. நான் கோடல்லோ போடச் சொன்னனான்?"

களை வேலைக்குப் போகிற பெண்களுக்கு மறுபக்கம் தனிப் பெரட்டு. அங்கம்மாள் ஓடிவந்து கேட்டதற்கு, "காயிதத்தையே பாக்கல புள்ள. நெட்டையா இருந்தவங்களப் பாத்து எடுத்துக்கிட்டான்" என்று சொன்னேன். 

5

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். என் கும்பலில் போனவர்களில் ஒரே ஒருவன் எலும்பும் தோலுமாக, காலில் புண்ணோடு வந்து சேர்ந்தான். ஆற்றோரத்துக் கொட்டகையில் செல்லப்பன் வாந்திபேதியில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தானாம். மறுநாள் அந்தப் பாய் காலியாக இருந்ததாம். எரித்தார்களா புதைத்தார்களா என்று பார்க்கவில்லை. அவ்வளவுதான் தெரியும். ஆறு மாதத்தில் அவனும் போய்ச் சேர்ந்தான்.

தபால் திறந்ததும் பாவாயியிடமிருந்து முதல் காகிதம் வந்தது. மூலையெல்லாம் மஞ்சள். நான் பதில் எழுதினேன். செல்லப்பன் சயாம் பக்கம் வேறு தோட்டத்தில் இருக்கிறான், கப்பல் கிடைத்ததும் வருவான் என்று எழுதி, நாலு மூலையிலும் கடை மஞ்சளைத் தடவினேன். அடுத்த மாதமும் அப்படியே. மூன்று வருஷம். நம்பிக்கையால் எழுதினேன் என்று சொன்னால் ஊர் நம்பும், ஆனால் அது பொய். செத்தான் என்று எழுதினால் எப்படி என்று கேட்பாள். எப்படி என்றால் வட்டத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வட்டத்தை மறைக்க ஒரு பெண்ணை மூன்று வருஷம் வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன்.

போன மாதம் ராசு அந்த வெர்பு நோட்டோடு உட்கார்ந்த வாரத்தில்தான் அவளுடைய கடைசிக் காகிதமும் வந்தது. ஊர் வாத்தியார் எழுதியது, பேச்சு அவளுடையது.

"அண்ணா, எனக்கு இருவத்தேழு வயசாவுது. எங்க சனத்துல அறுத்துக் கட்டறது உண்டுன்னு உங்களுக்குத் தெரியும். எங்கண்ணம்மாரு ஒரு எடம் பாத்து வெச்சிருக்காங்க. பொண்டாட்டிய எழந்தவரு, நல்ல மனுசராம். எங்கூட்டுக்காரரு உசுரோட இருந்தா நான் எத்தன வருசம்னாலும் இருப்பேன். இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. ரெண்டுல ஒண்ணு எழுதுங்க. நீங்க சொல்றதுதான் எனக்குக் கணக்கு."

காகிதத்தைக் கடை மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் கிராணி ஆள் அனுப்பினார்.

புதுத் துரை சின்ன வயதுக்காரர், தமிழ் தெரியாதவர். செக்ரோலைத் தானே புரட்டிப் பார்த்திருக்கிறார். சயாமுக்குப் போய் வராதவர்களின் பேர்களை எல்லாம் வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு எப்போதோ வெட்டியாகிவிட்டது. ஒரு பேர் மட்டும் மாதா மாதம் ஆப்சென்ட், ஆப்சென்ட் என்று நோட்டு நோட்டாகத் தாண்டி வந்திருக்கிறது. கிராணி என் முகத்துக்காக மூன்று வருஷம் அதைச் சுமந்திருந்தார்.

"டெட் ஆர் அலைவ்?" என்றார் துரை. என்றைக்குச் செத்தான், எங்கே செத்தான், பார்த்தது யார் என்று கேட்டு ஒரு பாரத்தை நீட்டினார்.  கிராணி ஒவ்வொரு கட்டத்திலும் தெரியாது, தெரியாது என்று எழுதினார். துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெல், ஸ்ட்ரைக் ஹிம் ஆஃப்."

கிராணி ரூல்தடியை எடுத்தார். எனக்காக வருத்தப்பட்டு என் பக்கம் பார்க்காமல் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

"குடுங்க" என்றேன். "நானே இழுக்கறேன்."

6

ரூல்தடியை நான் வைத்துக்கொள்ளவில்லை. இந்தக் கைக்கு அது தேவையில்லை. சிவப்பு மையில் பேனாவை நனைத்து பேரின் முதல் எழுத்தில் வைத்து, கடைசி எழுத்தைத் தாண்டும் வரைக்கும் ஒரே இழுப்பு. அன்றைக்கு அந்த மத்தியானம் போட்டிருக்க வேண்டிய கோடு. அப்போது போட்டிருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பான். இப்போது போட்டேன், அவன் செத்துப்போனான். கோடு ஒன்றுதான்.

ஊரில் செய்வதுபோல், இழுத்த பிறகு திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

கடைக்குப் போகவில்லை. நேராகக் கொல்லைக் கிணற்றுக்குப் போய்ச் சட்டை வேட்டியோடு உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றினேன். பத்து மணி வெயில். வியாபார நேரம். மூன்றாவது வாளி இறைக்கும்போது அங்கம்மாள் வந்து நின்றாள். இந்த நேரத்தில் ஒருவன் துணியோடு தலை முழுகினால் ஊர்க்காரிக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

"இழுத்துட்டீங்களா?" என்றாள்.

"ஆமா."

"நேரா வுழுந்துதுங்களா?"

"நேராத்தான் வுழுந்துச்சு."

கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். இதுதான் நேரம் என்று நான் வாயைத் திறந்தேன். "புள்ள, அன்னைக்கு அந்தக் காயிதத்த ஜப்பான்காரன் பாக்கலன்னு சொன்னேன் பாரு…"

"பாத்தான்" என்றாள். "வட்டத்தப் பாத்துத்தான் எடுத்தான். கெராணியம்மா அந்த வாரமே சொல்லிப்போட்டாங்க."

வாளி என் கையிலிருந்து கிணற்றுக்குள் போய்விட்டது. கயிறு ஓடுகிற சத்தம்.

"தெரிஞ்சா ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க என்னயச் சொல்லோணுமுங்களே. வட்டம் போடச் சொன்னவ நானுதானுங்க. நீங்க உள்ளயே வெச்சுக்கிட்டுப் பொய் சொன்னப்ப, என்னயக் காப்பாத்தறீங்கன்னு நெனச்சேன். அதனால நானும் பேசல."

நான் அவளைக் காப்பாற்றவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அதை அந்த இடத்தில் அவளிடம் சொன்னேன். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்த காரியங்களில் பெருமைப்பட ஒன்று என்று நான் இன்றைக்கு நினைப்பது, கடையும் இல்லை, லாரியும் இல்லை. அந்த ஒரு பேச்சுத்தான்.

அவள் பக்கத்துத் தொட்டியிலிருந்து குடத்தை முக்கி எடுத்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். ஐந்து வருஷமாக அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. "என்ற சாமி, என்ற சாமி" என்று தம்பியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். பக்கத்து லயத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் என் கும்பலில் போனவர்களின் பெண்டாட்டிகள். ஒருத்தி வந்து இன்னொரு குடம் மொண்டு ஊற்றினாள்.

7

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த ராசு எங்கள் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டான். உன் மாமன் செத்துப்போய்விட்டான் என்றேன். "எந்த மாமா?" என்றான். விவரம் தெரியாத வயதில் அவனைத் தோளில் தூக்கிச் சுமந்த மாமன். பையனைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. நாங்கள் இருவரும் அந்தப் பேரை வாயில் எடுக்காமல் வளர்த்த பிள்ளை. நோட்டில் நானே இழுப்பதற்கு முன்னால், வீட்டுக்குள் நாங்கள் இழுத்துவிட்டிருக்கிறோம்.

அவனுடைய வெர்பு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். ஸ்ட்ரைக் ஆஃப் என்ற இடத்தில் அர்த்தமும் பிறப்பும் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தான், வாக்கியத்துக்கு விட்ட இடம் இன்னும் காலியாக இருந்தது. தானியம் அளக்கிற கட்டையைச் சொன்னேன், வள்ளத்தைச் சொன்னேன், பிறகு மாமனைச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "இந்த வாக்கியத்தை வாத்தியாருக்கு எழுத முடியாதுப்பா" என்றான். எழுத வேண்டாம் என்றேன்.

பிறகு நான் என் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாவாயிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நோட்டில் கோடு விழுந்ததையும், கோடு விழ வேண்டிய நாளில் வட்டம் விழுந்ததையும், மூன்று வருஷமாக நான் அனுப்பிய பொய்களையும் எழுதினேன். உன் அண்ணன்மார் சொல்கிற இடத்துக்குச் சம்மதம் சொல்லம்மா, எங்களைத் திட்டிவிட்டுச் சம்மதம் சொல் என்று முடித்தேன். எழுதி மடிக்கும்போது என் விரல் தானாகப் பழக்கத்தில் மஞ்சள் டப்பாவைத் தேடியது. அங்கம்மாள் அதை முன்னாலேயே எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

காகிதம் கப்பலேறி இன்றைக்கு இருபது நாள். இந்நேரம் தம்மம்பட்டி போய்ச் சேர்ந்திருக்கும். பாவாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தபால்காரர் காகிதத்தை நீட்டும்போது அவள் முதலில் பார்க்கிறது மூலையைத்தான். வாத்தியார் மூக்குக் கண்ணாடியை மாட்டுவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.